பாக்கி கேட்டவர்கள்

அன்புள்ள ஐயா,

செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன், தியெர்னோ ஃபாத்தி சோவுடன் சேர்ந்து 1988இல் எடுத்த ‘தியாரோய் முகாம்’ படத்தைப் பார்த்தேன். இரண்டரை மணி நேரப் போர்ப்படத்தில் போரே இல்லை. பிரெஞ்சுப் படையின் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் சோற்றுக்கும் பணத்துக்கும் வழக்காடிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் சுடப்பட்டு இறந்தவர்கள் 35 பேர் என்று பிரெஞ்சு இராணுவம் சொல்லியிருக்க, படமோ முகாமையே தரைமட்டமாக்கிக் காட்டுகிறது. இது மிகை அல்லவா? செனகலின் இரண்டாம் உலகப் போர்க்காலத்தை அறிய வேறு படம் உண்டா?

ஒரு வரலாற்று மாணவன்

அன்புள்ள நண்பருக்கு,

தியாரோயைப் பற்றி நானே எழுத எண்ணியிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. செனகல் தலைநகர் டாக்காருக்கு அருகே தியாரோய் முகாமில் 1944 டிசம்பர் 1 அன்று பிரெஞ்சு இராணுவம் தன் ஆப்பிரிக்கச் சிப்பாய்களையே சுட்டது படுகொலைதான் என்று பிரான்ஸ் அதிபர் மக்ரோன் 2024இல்தான் செனகல் அதிபருக்கு எழுதி ஒப்புக்கொண்டார். செம்பேன் அதை 36 ஆண்டுகளுக்கு முன்பே, பிரெஞ்சுப் பணம் ஒரு காசும் இல்லாமல், அல்ஜீரியாவையும் துனிசியாவையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

போர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. வரலாறு படிக்கிறவர் பீரங்கி வெடித்தால்தான் போர் என்று நினைக்கலாமா? அந்தச் சிப்பாய்கள் 1940இல் பிரான்ஸுக்காகப் போரிட்டுச் சிறைப்பட்டு, நான்கு ஆண்டுகள் ஜெர்மானியரின் கைதிகளாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய சம்பள பாக்கியில் கால் பங்கைப் பிரான்ஸிலும் முக்கால் பங்கை டாக்காரிலும் தருவதாக அரசே உத்தரவிட்டிருந்தது. டாக்கார் வந்து சேர்ந்த பிறகு அந்த முக்கால் பங்கு வரவில்லை. கேட்டவர்கள் கலகக்காரர்கள் ஆனார்கள். சுட்டதுபோக எஞ்சியவர்களில் 34 பேருக்கு இராணுவ நீதிமன்றம் சிறைத்தண்டனையும் விதித்தது.

நீங்கள் அலுத்துக்கொண்ட அந்தப் பண வழக்குதான் படத்தின் உயிர். கையிலிருக்கும் பிரெஞ்சு நோட்டுகளை மாற்றித் தரும்போது பாதி மதிப்புதான் என்கிறார் அதிகாரி. கறுப்புச் சிப்பாயிடம் இவ்வளவு பணம் இருந்தால் அது கொள்ளையடித்ததாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் அந்தப் பேச்சுக்கு அடியில் ஓடுகிறது. அதற்கு முன்பே அவர்கள் அணிந்து வந்த அமெரிக்கச் சீருடையைக் கழற்ற வைத்துப் பழைய காலனியச் சீருடையையும் சிவப்புக் குல்லாவையும் மாட்டிவிட்டார்கள். வட்டிக்கடைக்காரன் நகையை உரசிப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு மனிதனையும் உரசிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் மதிப்பைக் குறைத்துச் சொல்லும் நிர்வாகம் அது. செம்பேன் அதை அவசரப்படாமல் காட்டுகிறார், ஏனென்றால் அவமானம் அவசரமாக நிகழ்வதில்லை. அவரும் அதே பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர். பிறகு மார்சேய் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது என்று அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நான் புதுச்சேரிக்காரன் என்பதால் இந்த இடத்தில் என்னால் விலகி நிற்க முடியவில்லை. எங்கள் தெருவில் இந்தோசீனாவில் பணியாற்றிய ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படைச் சிப்பாய்) தாத்தா இருந்தார். பென்ஷன் வரும் நாளில் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு போவார். திரும்பி வரும்போது பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கி வருவார். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டவர் என்பதால் அவருக்குக் கடைசிவரை முழுத்தொகை வந்தது. அதே கொடியின் கீழ் நின்ற செனகல் கிழவருக்கோ, நாடு விடுதலை பெற்ற பின் பென்ஷன் உயராமல் சட்டத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. 743 செனகல்காரர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டு 1989இல் தங்களுக்குச் சாதகமான முடிவைப் பெற்றார்கள். அப்படியும் பிரான்ஸ் அசைந்து கொடுக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 2006இல் ரஷீத் புஷாரெப் வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பற்றி எடுத்த படம் திரைக்கு வந்த வேளையில்தான் அரசு தொகையைச் சமமாக்க முன்வந்தது. தியாரோயில் கேட்ட பாக்கியும் இதுவும் ஒரே கணக்கேட்டின் பக்கங்கள் என்பதை எங்கள் தெருவில் வளர்ந்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை.

மிகை பற்றிய உங்கள் கேள்விக்கு அதிக நேரம் தர நான் விரும்பவில்லை. 35 என்பது அந்த இராணுவம் சொன்ன எண். அதே இராணுவத்தின் இன்னோர் அறிக்கை 70 என்கிறது. முந்நூறைத் தாண்டும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. சுட்டவனே எழுதிய எண்ணை அளவுகோலாக எடுத்துக்கொண்டு, சுடப்பட்டவர் பக்கம் நின்று எடுத்த படத்தை அளக்கிறீர்களே, இதையா வகுப்பில் கற்றுத்தருகிறார்கள்? துப்பாக்கிச் சூடு காலையில் நடந்தது, படத்தில் இரவில் டாங்கிகள் வருகின்றன என்று கேட்டிருந்தாலாவது பேசலாம். அதற்கும் விடை இருக்கிறது: ஜெர்மனியின் பூகன்வால்ட் நாஜி வதைமுகாமில் பேச்சை இழந்த பேயி என்ற சிப்பாய் இருட்டில் டாங்கிகளைக் கண்டு பதறி எழுப்புகிறான், ஜெர்மானியரை நினைத்துப் பிதற்றுகிறான் என்று தோழர்கள் அவனைத் தூங்கச் சொல்கிறார்கள். அந்தக் காட்சிக்கு இரவு தேவைப்பட்டது.

தம்பி, கடிந்து எழுதியதை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதியவர் என்பதால்தான் இவ்வளவு நீளமான பதில். வேறு படம் கேட்டீர்கள். செம்பேனின் ‘எமிதாய்’ (1971) பாருங்கள். செனகலின் காசமான்ஸ் பகுதியில் வாழும் ஜோலா மக்களிடமிருந்து பிரெஞ்சுப் படைக்கு நெல் பறிக்க வரும்போது பெண்கள் அதை ஒளித்துவைத்துவிடுகிறார்கள். சுவரில், ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்ஸ் அரசின் தலைவர் பெத்தானின் படத்தை எடுத்துவிட்டு, அதை எதிர்த்து நின்ற தெகோலின் படத்தை ஒட்டும்போது, ஏழு நட்சத்திர மார்ஷலின் இடத்துக்கு இரண்டு நட்சத்திர ஜெனரல் எப்படி வந்தார் என்று ஒரு சிப்பாய் கேட்கும் கேள்விக்கு நான் இன்றும் சிரிப்பேன். பார்த்துவிட்டு எழுதுங்கள், அதிலும் போர் எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.