இறந்துபோன அம்மாவின் பொருள்களை வைத்திருப்பது விசுவாசக் குறைவா? பரலோகத்தில் நம் நினைவுகள் நமக்கு இருக்குமா?

விசுவாசக் குறைவு இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சி உங்களுக்கு வேண்டாம்.

அம்மாவின் சேலைகளும் மூக்குக்கண்ணாடியும் இன்னும் அலமாரியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, சபையில் ஒருவர் "அவங்க பரலோகத்துல சந்தோஷமா இருக்காங்க, நீங்க துணியப் பிடிச்சிட்டு அழுறீங்களே" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். என் அம்மா இறந்த பிறகு பெரியம்மாவும் என்னிடம் இதைத்தான் சொன்னார்கள். "ஏளா, இதெல்லாம் எதுக்கு வச்சிருக்க? அவ ஆண்டவர்ட்ட போயிட்டா." பெரியம்மா அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் வேதம் அப்படிச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற சீஷி இறந்துகிடக்கிறாள். பேதுரு மேல்வீட்டு அறைக்குள் வந்ததும் விதவைகள் அழுதுகொண்டே அவரைச் சூழ்ந்து நின்று, அவள் உயிரோடிருந்தபோது செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டுகிறார்கள். ஒரு துக்க வீட்டில் நாம் செய்வதும் இதுதானே? "இது அவ தச்சது, இது அவ கொடுத்தது" என்று எடுத்து எடுத்துக் காட்டுவோம். பேதுரு அவர்களைக் கடிந்துகொண்டதாக அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. பவுலும் துக்கப்படவே கூடாது என்று தெசலோனிக்கேயருக்கு எழுதவில்லை. "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்றுதான் எழுதினார்.

எங்கள் வீடு திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். அம்மா விட்டுப்போனதில் விலை உள்ளது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வேதாகமத்தின் முதல் தாளில் வீட்டில் யார் எப்போது பிறந்தார்கள், யாருக்கு எப்போது ஞானஸ்நானம், யார் எப்போது கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள் என்று மை மாறி மாறி எழுதியிருக்கும். உள்ளே டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாங்கிய வாக்குத்தத்த அட்டைகள், பழுத்து முறுகிப்போன ஒரு குருத்தோலைச் சிலுவை. அப்புறம் பிடியரிசி டப்பா. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதைச் சொன்னாலே புரியும். சோறு பொங்க அரிசி எடுக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு கைப்பிடியை ஆண்டவருக்கென்று தனியே போட்டுவைத்து, சேர்ந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அம்மா அந்தப் பிடியைக் குறைத்து நான் பார்த்ததில்லை. விசுவாசம் என்றால் என்ன என்று பிரசங்கத்தில் கேட்டதைவிட அந்த டப்பாவிடம்தான் நான் அதிகம் கற்றேன். அதைத் தூக்கிப் போடு என்றால் எப்படிப் போடுவது?

"பூமியிலே உங்களுக்குப் பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்கவேண்டாம்" என்ற வசனத்தை இதற்கு எடுத்துக்காட்டுகிறவர்கள் உண்டு. அந்த வசனம் எனக்கு வேறு இடத்தில் உறைத்திருக்கிறது. அடக்கம் முடிந்த வாரத்திலேயே அம்மாவின் சங்கிலி யாருக்கு, வளையல் யாருக்கு என்று கூடப்பிறந்தவர்கள் முகம் திருப்பிக்கொள்ளும் வீடுகளில் அதை வாசிக்க வேண்டும். பழைய டப்பாவுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இது எனக்கு வெறும் வேதபாடக் கேள்வி இல்லை. அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் அல்சைமர் நோய். என்னைப் பார்த்து, சின்ன வயதிலேயே இறந்துபோன தன் தங்கச்சியின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒருநாள் பிடியரிசி டப்பாவைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரு வீட்டுது?" என்று கேட்டார்கள். பரலோகத்தில் அம்மா அம்மாவாக இருப்பது அவர்களுடைய ஞாபகத்தை நம்பித்தான் என்றால், சாவுக்கு முன்பே எல்லாம் போய்விட்டது என்றல்லவா ஆகும்?

அப்போதுதான் 1 கொரிந்தியர் 13:12 எனக்குத் திறந்தது. "இப்பொழுது நான் குறைந்த அறிவுள்ளவன், அப்பொழுது நான் அறியப்பட்டிருக்கிறபடியே அறிந்துகொள்ளுவேன்." நான் என்ன அறிந்திருக்கிறேன் என்பதற்கு முன்னால், நான் ஏற்கெனவே அறியப்பட்டிருக்கிறேன். ஏசாயா 49-இல் "உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்" என்கிறார் தேவன். தாய் மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்று அதற்கு முந்தின வசனம். தாயே பிள்ளையை மறந்துபோன ஒரு வீட்டில் உட்கார்ந்து அதை வாசித்தவள் நான். அம்மா தொலைத்ததில் ஒன்றையும் அவர் தொலைக்கவில்லை என்று முழு மனதோடு நம்புகிறேன்.

"முந்தினவைகள் இனி நினைக்கப்படுவதுமில்லை" என்று ஏசாயா 65:17 சொல்கிறதே என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். மறக்கப்படுவது "முந்தின இடுக்கண்கள்". வெளிப்படுத்தின விசேஷம் 21:4-இல் ஒழிந்துபோகிறவை மரணம், துக்கம், அலறுதல், வருத்தம். அன்பு ஒழிந்துபோகும் என்று எங்கும் இல்லை. அதே அதிகாரத்தில் வருகிற புதிய எருசலேமின் வாசல்களில் இஸ்ரவேலின் 12 கோத்திரங்களின் பெயர்களும், மதிலின் அஸ்திபாரங்களில் 12 அப்போஸ்தலரின் பெயர்களும் எழுதியிருக்கின்றன. பூமியில் நடந்த அத்தனையும் துடைத்தழிக்கப்படும் என்றால் அந்தப் பெயர்கள் எதற்கு? எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் காயம் இருந்தது. தோமா அதைப் பார்த்தான். வலி போய்விட்டது, தழும்பு போகவில்லை. பரலோகத்தில் நம் நினைவுகளும் அப்படித்தான் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

ஈஸ்டர் அன்று விடியுமுன் எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். பூ வைப்போம், மெழுகுவர்த்தி ஏற்றுவோம். இதையும் தவறு என்கிற உறவினர்கள் எங்களுக்கு உண்டு. அம்மாவிடம் வேண்டிக்கொள்ள நாங்கள் போவதில்லை. அந்த மண் ஒருநாள் திறக்கும் என்று அறிக்கையிடப் போகிறோம். வெறுமையான கல்லறையைக் கொண்டாடும் நாளில் அம்மாவின் கல்லறைப் பக்கத்தில் நிற்பதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

பொருள்களை என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேலைகளில் உங்கள் மனதுக்கு நெருக்கமான ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு, மற்றவற்றை உடுத்தக்கூடியவர்களுக்குக் கொடுங்கள். அவசரம் இல்லை, கை வரும்போது கொடுத்தால் போதும். மூக்குக்கண்ணாடி இருக்கட்டும். அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழைய போட்டோக்களை எடுத்துக்கொண்டு உங்கள் சித்தியிடமோ மாமாவிடமோ போய் உட்காருங்கள். யார் யார், எந்த ஊர், யாருடைய கல்யாணம் என்று கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.