சாம்பல் கல்லுக்கு வயது கேளுங்கள்

கட்டுமானப் பொருள் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி (திருவண்ணாமலை): வீடு கட்ட ஃப்ளை ஆஷ் கல் (அனல் மின்நிலையச் சாம்பலில் செய்யும் சாம்பல் கல்) விசாரித்தோம். ஒருவர் கல் 7.50 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 6.50. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. மலிவானதை எடுக்கலாமா?

பதில்: முதலில் டேப் வைத்து அளந்து பாருங்கள். "ஒன்பதுக்கு நாலுக்கு மூணு" என்று இருவருமே சொல்வார்கள். ஒருவர் கல் 230 × 110 × 75 மி.மீ. இருக்கும், மற்றவருடையது 220 × 100 × 70 இருக்கும். 10 மி.மீ. கலவை இடைவெளியோடு 100 சதுர அடி ஒன்பது அங்குலச் சுவருக்குப் பெரிய கல் சுமார் 910 போதும், சின்னக் கல் 1,010 வேண்டும். ஆக, 6,825 ரூபாய்க்கு எதிராக 6,565 ரூபாய். கல்லுக்கு ஒரு ரூபாய் மிச்சம் என்று நினைத்தது 100 சதுர அடிக்கு 260 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. நூறு கல் கூடுதலாக அடுக்கும் கூலி அதிலேயே போய்விடும். சுவரும் ஒரு சென்டிமீட்டராவது மெலிந்துவிடும்.

அடுத்துக் கேட்க வேண்டியது, சாம்பல் எப்படி வருகிறது என்பது. அனல் மின்நிலையத்தின் புகையிலிருந்து மின்சார வடிகட்டியில் பிடிக்கும் உலர்ந்த சாம்பல் முகப்பவுடர் போல இருக்கும். கல்லுக்கு வேண்டியது அதுதான். அது பல்க்கர் எனப்படும் மூடிய தொட்டி லாரியில்தான் வரும். தண்ணீரோடு கரைத்துக் குட்டையில் விட்ட சாம்பலைப் பிறகு அள்ளிச் சாதாரண டிப்பரில் கொண்டுவருவார்கள். அது கரகரப்பாக இருக்கும். அதன் வேதிவினை மந்தமானது, எனவே கல்லில் அது வெறும் மணலாகத்தான் வேலை செய்யும். கல் போடும் இடத்துக்கு நேரில் போய் வாசலில் நிற்பது பல்க்கரா டிப்பரா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்வி கல்லின் வயது. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். சாம்பல் தானாக இறுகாது. சிமென்ட்டோ சுண்ணாம்போ தரும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு ஈரத்தில் மெதுவாக வினைபுரிந்துதான் கெட்டிப்படும். அச்சில் அழுத்தி எடுத்த கல்லுக்குக் குறைந்தது 14 நாள் தண்ணீர் காட்டி, அப்புறம் ஒரு வாரமாவது காயவிட வேண்டும். மொத்தத்தில் 21 முதல் 28 நாள். இடமும் முதலும் முடங்குகிறதே என்று ஐந்தாம் நாளே லாரியில் ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. அடுக்கின் மேல் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதும் வழக்கமே இல்லாத இடத்தில் வாங்காதீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளும் இருக்கின்றன. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். 'டொக்' என்றால் உள்ளே இன்னும் இறுகவில்லை. நகத்தால் கீறினால் பொடி உதிரக் கூடாது. ஒன்றை உடைத்து உள்ளே பாருங்கள். நிறம் ஒரே சீராக இருக்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி தெரிந்தால் கலவை சரியாக அரைபடவில்லை என்று பொருள், அந்தக் கட்டி பின்னால் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இரண்டு நாள் வெயிலில் காய்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்கவைத்து, துடைத்து மறுபடி எடைபோடுங்கள். 3.1 கிலோ கல் 3.45 கிலோ ஆனால் 11 சதவீதம் உறிஞ்சியிருக்கிறது, அது நல்ல கல். சாம்பல் கல்லுக்கான ஐஎஸ் 12894 என்ற இந்தியத் தரக்குறிப்பு வீட்டுக்கு வாங்கும் வகைகளுக்கு அனுமதிக்கும் உச்சம் 20 சதவீதம். எடையைவிட முக்கியமாக, ஊறிய கல்லின் மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். கையோடு வந்தால் அந்த லோடு வேண்டாம்.

கேள்வி (சேலம்): சாம்பல் கல்லில் கட்டிய சுவரில் பூச்சு முடிந்து இரண்டே மாதத்தில் விரிசல். கல்தான் காரணம் என்கிறார் மேஸ்திரி. மாடிக்கும் அதே கல்தான் வாங்கி வைத்திருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: விரிசல் எந்த வடிவில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சிலந்திவலை போல மேலோட்டமாகப் பரவியிருந்தால் கல்லைக் குறை சொல்ல முடியாது. பூச்சில் சிமென்ட் அதிகம், தண்ணீர் காட்டியது குறைவு. தூணும் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக இருந்தால் அங்கே கோழிவலை வைக்காமல் பூசியிருக்கிறார்கள். சுவரின் நடுவில் செங்குத்தாகவோ இணைப்புகளின் வழியே படிப்படியாகவோ இறங்கினால்தான் கல் சுருங்கியிருக்கக்கூடும். படிப்படியாக இறங்கும் விரிசல் அஸ்திவாரம் இறங்குவதாலும் வரும், அதனால் அதை ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

சாம்பல் கல் காயும்போது சிறிது சுருங்கும். தரக்குறிப்பே 0.15 சதவீதம் வரை அனுமதிக்கிறது. 15 அடிச் சுவரில் அது கிட்டத்தட்ட 7 மி.மீ. ஆகிவிடும். அந்தச் சுருக்கம் அடுக்கில் கிடக்கும்போதே முடிந்துவிட்டால் தொல்லை இல்லை, சுவரான பிறகு நடந்தால் விரிசல்தான். செம்மண் செங்கல்லைத் தொட்டியில் ஊறப்போட்டுப் பழகிய கொத்தனார்கள் இதையும் அப்படியே ஊறப்போடுகிறார்கள். அது கல்லை உப்பவைத்துச் சுவரில் சுருங்கவைக்கும் வேலை. கட்டும் முன் மேற்பரப்பு நனையத் தண்ணீர் தெளித்தால் போதும்.

மாடிக் கல்லை வெயிலும் காற்றும் படும்படி மூன்று வாரம் அடுக்கி வையுங்கள். அடியில் பலகை போட்டு, மழைக்கு மேலே தார்ப்பாய் மூடுங்கள். ஒன்பது அங்குலச் சுவருக்கு 1:6 கலவை (ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு மணல்) போதும். "வலுவாக இருக்கட்டும்" என்று 1:3 போட்டால் கலவை கல்லைவிடக் கெட்டியாகி, சுருங்கும்போது கல்லையே பிளக்கும். நாலரை அங்குலச் சுவருக்கு 1:4 போட்டு, மூன்றடிக்கு ஒருமுறை இரண்டு 8 மி.மீ. கம்பியோடு மெல்லிய கான்கிரீட் பட்டை கொடுங்கள். ஒரு நாளில் நாலு, நாலரை அடிக்கு மேல் சுவரை ஏற்ற வேண்டாம். பீமுக்கு அடியில் கடைசி வரிசையை உடனே திணிக்காமல் ஒரு வாரம் விட்டு அடையுங்கள். தூணும் பீமும் சேரும் இடங்களில் இருபுறமும் 15 செ.மீ. விழும்படி கோழிவலை ஆணியடித்துப் பூச வேண்டும். கல்லின் முகம் வழுவழுப்பாக இருந்தால் சிமென்ட் பால் அடித்து, அது காய்வதற்குள் பூசுங்கள்.

கீழ்த்தளத்தில் வந்த விரிசலை இப்போதே அடைக்காதீர்கள். ஒரு கோடை கழியட்டும். அப்புறம் விரிசலை 'வி' வடிவில் கீறி, பாலிமர் கலந்த விரிசல் நிரப்பி கொண்டு அடைத்து வர்ணம் பூசலாம். இப்போதே அடைத்தால் பக்கத்தில் புதிதாக ஒன்று கிளம்பும்.

கேள்வி (நாகப்பட்டினம்): தளம் போடப் பி.பி.சி. சிமென்ட் வேண்டாம், அது சாம்பல் கலந்தது, சாம்பல் கலக்காத 53 கிரேடு சாதாரண சிமென்ட்தான் வேண்டும் என்கிறார்கள். கடைக்காரர் பி.பி.சி. போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: கடைக்காரர் சொல்வதுதான். பி.பி.சி.யில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருப்பதை ஐஎஸ் 1489 தரமே அனுமதிக்கிறது, அதைக் கலப்படம் என்று சொல்ல முடியாது. கடற்கரை ஊருக்கு அது நல்லதும்கூட. சாம்பல் வினைபுரிந்து கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைப்பதால் உப்பு கம்பியை எட்ட நாளாகும்.

ஆனால் பி.பி.சி. மெதுவாகத்தான் வலுவேறும். மேஸ்திரிகள் பலருக்கு அதன்மேல் உள்ள கோபம் இதனால்தான். சாதாரண சிமென்ட் போட்ட, தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள தளத்துக்கு 7 நாளில் முட்டு எடுக்கலாம் என்றால், பி.பி.சி.க்கு 10 நாள். அந்த இடைவெளி அதைவிட அதிகமானால் 14 நாள் என்பது 20 ஆகும். சென்டரிங் வாடகைக்குப் பயந்து ஏழாம் நாள் முட்டைப் பிடுங்கிவிட்டு, தளம் தொய்ந்தது என்று சிமென்ட்டைத் திட்டிப் பயனில்லை. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதையும் 7 நாளில் விட்டுவிடாதீர்கள். கான்கிரீட் வேலைக்கான ஐஎஸ் 456 தரக்குறிப்பு கலப்பு சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் கேட்கிறது, 14 நாள் வரை நீட்டச் சொல்கிறது. தண்ணீர் காய்ந்துபோனால் சாம்பலின் வேலையும் நின்றுவிடும்.

வாங்கும்போது பையில் தயாரித்த வாரம், ஆண்டு, ஐஎஸ்ஐ முத்திரையோடு உள்ள சிஎம்/எல் எண் (உரிம எண்) ஆகியவற்றைப் பாருங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது என்று காட்டும். மூன்று மாதத்துக்கு மேல் பழைய மூட்டை வேண்டாம். தையல் பிரிந்து மறுபடி தைத்த மூட்டையும் வேண்டாம், சாம்பலை அள்ளிப்போட்டு விற்கும் மோசடி அங்கேதான் நடக்கிறது.

கேள்வி (மன்னார்குடி): உமிச் சாம்பல் சிமென்ட்டுக்கு மாற்று என்கிறார்களே. பக்கத்து அரிசி ஆலையில் இலவசமாகக் கிடைக்கிறது, தரைக்கும் பூச்சுக்கும் கலக்கலாமா?

பதில்: வேண்டாம். உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் நிற்கும், அதில் பெரும்பகுதி சிலிக்கா என்பது உண்மை. சுமார் 700 டிகிரிக்குள் சீராக எரித்து, நன்றாக அரைத்தால்தான் அந்தச் சிலிக்கா வினைபுரியும். ஆலைக் கொதிகலனில் சூடு அப்படிக் கட்டுக்குள் இருக்காது. மிகையாகச் சூடேறிய சிலிக்கா படிகமாகி வினையற்றுப் போகும், சரியாக எரியாதது கரியாக நிற்கும். உங்களுக்குக் கிடைப்பது கறுப்பாக இருந்தால் அது கரிதான். அது கலவைத் தண்ணீரைக் குடிக்கும், பூச்சு உதிரும். அந்த ஆலைக்காரரிடம் சாம்பலைவிட உமியே கேளுங்கள், செங்கல் சூளைக்காரர் வாங்கிக்கொள்வார்.

கேள்வி (கோவை): குளியலறைக்கு மரத்தூளும் உமியும் பிளாஸ்டிக்கோடு கலந்த டபிள்யூ.பி.சி. கதவு வாங்க நினைக்கிறோம். தரத்தை எப்படிப் பார்ப்பது?

பதில்: எடைபோட்டுப் பாருங்கள். 7 × 3 அடி, 30 மி.மீ. தடிமன் கதவின் கன அளவு சுமார் 0.0585 கன மீட்டர். அடர்த்தி கன மீட்டருக்கு 600 கிலோ என்று சொன்னால் கதவு 35 கிலோ இருக்க வேண்டும். 25 கிலோதான் என்றால் நுரை அதிகம், கீலின் திருகு நாளடைவில் பிடி விட்டுவிடும். கடையில் பல கதவுகள் பெயருக்குத்தான் மரத்தூள், உள்ளே பெரும்பாலும் பி.வி.சி. நுரையும் சுண்ணாம்புத் தூளும்தான். குளியலறைக்கு அதில் குறை ஒன்றுமில்லை, ஆனால் மர விலை கேட்டால் கொடுக்காதீர்கள். மூன்று கீலுக்குப் பதில் நான்கு போடுங்கள், திருகுக்கு முன்கூட்டித் துளையிடச் சொல்லுங்கள், நிலைக்கும் கதவுக்கும் இடையே 3 முதல் 5 மி.மீ. விடுங்கள். மேற்கு வெயில் நேரே விழும் வாசலுக்கு இது வேண்டாம், சூட்டில் வளையும்.

கேள்வி (தர்மபுரி): 6,000 சாம்பல் கல் இறக்கினோம். பாதி கையோடு உதிர்கிறது. பில்லில் "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார் விற்றவர்.

பதில்: அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள்ளோ, காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளோ திரும்பப் பெற மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது.

இன்றே கட்டுவதை நிறுத்துங்கள். லோடின் பல இடங்களிலிருந்து 20 கல் எடுத்து, விற்றவரின் ஆளை வைத்துக்கொண்டே எண் எழுதிப் படம் பிடியுங்கள். அவற்றை என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கோ பொறியியல் கல்லூரி ஆய்வகத்துக்கோ அனுப்புங்கள். அழுத்த வலுவுக்கு ஐந்து கல் உடைப்பார்கள். 7.5 வகுப்புக் கல்லானால் சராசரி 7.5 மெகாபாஸ்கலுக்குக் குறையக் கூடாது, தனிக் கல் எதுவும் 6-க்குக் கீழே போகக் கூடாது. அறிக்கையோடு பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். இடையில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் புகார் பதியலாம். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளும் கூலியும் சேர்த்து ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தால் புகார் அவர் மேல்தான் வரும், கல் விற்றவர் மேல் இல்லை.

மாற்று லோடு வரும்போது பில்லில் "ஃப்ளை ஆஷ் கல்" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். அளவு, வகுப்பு, அச்சில் அழுத்திய தேதி மூன்றையும் எழுதி வாங்கிய பிறகு லாரியைத் திறக்கச் சொல்லுங்கள்.