சும்மா நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்கினால்

ஏலகிரி இறங்கி வேலூர் வந்து சிக்னலில் நின்றதும் காரின் ஆயில் விளக்கு (ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு) மினுக்குகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் அணைகிறது, மெக்கானிக் ஆயில் பம்பை மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் சார். முதலில் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் கம்பியை, எடுத்துப் பாருங்கள். அளவு சரி என்றால் அந்த விளக்கை எரியவைக்கும் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அங்கே அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டி, இன்ஜின் சூடாக இருக்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள். ஆறின இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும், குறை தெரியாது. அழுத்தம் சரி என்றால் கோளாறு சுவிட்சில்தான், மலிவான வேலை. நிஜமாகவே குறைவு என்றால் இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கி, பம்ப் ஆயில் உறிஞ்சும் வலையான ஸ்ட்ரெய்னரில் கசடு அடைத்திருக்கிறதா பாருங்கள். இன்ஜினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்தாலும் இதே அறிகுறிதான். அப்போது புது பம்ப் போட்டும் பெரிய பலன் இருக்காது. பம்ப்தான் போயிருக்கிறது என்றால், புதியதற்குள் ஆயில் ஊற்றிவிட்டு மாட்டச் சொல்லுங்கள், ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் பழையது வேண்டாம். அதுவரை விளக்கு எரிய எரிய ஓட்டாதீர்கள்.