ஷிமோனாதாவில் சூரியன் மறைவதைப் பார்க்க: திரும்பும் ரயிலை முதலில் பாருங்கள்

கேள்வி: நவம்பரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜப்பான் போகிறோம். மாட்சுயாமாவில் இரண்டு இரவு தங்கல். கடலைப் பார்த்தபடி இருக்கும் ஷிமோனாதா ரயில் நிலையத்தில் சூரியன் மறைவதைப் பார்க்க ஆசை. அங்கே ஊழியரே கிடையாதாமே, டிக்கெட்டுக்கு என்ன செய்வது? இருட்டிய பிறகு திரும்பி வர முடியுமா?

பதில்: தாராளமாகப் போய் வரலாம். ஆனால் போகும் ரயிலைத் தேடுமுன் திரும்பும் ரயிலைக் குறித்து வையுங்கள். அங்கே போகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான்.

1935இல் திறந்த நிலையம் இது. 1986இல் உச்சிகோ வழியாக மலைப்பக்கம் குறுக்குப் பாதை வந்ததும் எக்ஸ்பிரஸ் வண்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. கடலோரப் பழைய பாதையில் மிஞ்சியது சின்னச் சின்ன டீசல் பாசஞ்சர் வண்டிகள். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு இரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்க நேரும்.

இன்னொரு சிக்கல். இரண்டு பாதைகளும் ஷிமோனாதாவைத் தாண்டி இயோ-ஓசு நிலையம் பக்கம் மறுபடி சேர்ந்துவிடுகின்றன. அதனால் ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து ஏறினால் வண்டி மலைவழியே போய்விடலாம். மாட்சுயாமாவில் ஏறுமுன், கடலோரப் பாதையில் உள்ள ஊரைச் சொல்லி “இயோ-நாகஹாமா வழியா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

டிக்கெட் விஷயம் எளிது. மாட்சுயாமாவிலேயே காகித டிக்கெட் வாங்கிவிடுங்கள். சுயிகா மாதிரி, பணம் ஏற்றிய பயண அட்டையைத் தட்டி உள்ளே போகாதீர்கள், ஷிமோனாதாவில் அதைத் தட்டி வெளியேற இயந்திரம் இல்லை. திரும்பும்போது பின்கதவால் ஏறி, வாசலில் இருக்கும் கருவியிலிருந்து எண் போட்ட சீட்டை எடுங்கள். வண்டியின் முன்னால் உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரே கட்டணம் தெரியும். சில்லறையும் 1000 யென் தாள்களும் கையில் இருக்கட்டும். சுற்றுலாப் பயணிகளுக்கான ஜேஆர் ரயில் பாஸ் இருந்தால் அதைக் காட்டினால் போதும்.

நவம்பர் நடுவில் அங்கே சூரியன் மாலை 5 மணியை ஒட்டி மறைந்துவிடும். அரை மணி நேரம் முன்னதாகவாவது போய்ச் சேருங்கள். 1998 முதல் 2000 வரை ‘செய்ஷுன் 18’ என்ற சலுகை ரயில் டிக்கெட்டின் விளம்பரச் சுவரொட்டிகளில் வந்த இடம் என்பதால் கூட்டம் இருக்கும். ஆனாலும் நடைமேடையில் நின்று இயோ கடலைப் பார்க்கும்போது அதெல்லாம் மறந்துபோகும். கடற்காற்று குளிரும், அம்மாவுக்குக் கனமான மேலாடை அவசியம். தண்ணீர், தின்பண்டத்தையும் மாட்சுயாமாவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவால் அவ்வளவு நேரம் குளிரில் காத்திருக்க முடியாது என்றால், ‘இயோனாதா மோனோகதாரி’ என்ற சுற்றுலா ரயில் இருக்கிறது. பெரும்பாலும் வார இறுதியில் ஓடும், முன்பதிவு கட்டாயம். ஷிமோனாதாவில் சில நிமிடம் நிறுத்தி, இறங்கிப் பார்க்க விடுவார்கள். இதே பாதையில் ஷிமோனாதாவுக்கு அப்பால் இருக்கும் யவாதாஹாமாவிலிருந்து மாட்சுயாமாவுக்கு மாலையில் வரும் வண்டியைக் கேளுங்கள். உங்கள் தேதி சனி, ஞாயிறில் விழுந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.