ஆத்தர் குவெரிக்குப் பதில் வரவில்லையா? – தொழில்நுட்பப் பதிப்பு வேலை: கேள்வி பதில்

பெங்களூரில் அறிவியல் இதழ்களுக்கும் பொறியியல் நூல்களுக்கும் மேனேஜிங் எடிட்டராக வேலை பார்க்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஒயிட்ஃபீல்டு வாசகர்: அக்கா, சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனுவல் எழுதுகிறேன். மேனுவலின் பகுதிகளுக்குக் குறிச்சொல் இடும் எக்ஸ்எம்எல் முறையான டிட்டா தெரியும். இதழ் பக்கம் வந்தால் அது கைகொடுக்குமா?

கைகொடுக்கும் தம்பி. இதழ்களில் ஜாட்ஸ் என்ற எக்ஸ்எம்எல் அமைப்பு புழங்குகிறது. 2012இல் அமெரிக்கத் தர அமைப்பான நைசோ அதைத் தரமாக ஏற்றது. உங்களுக்கு அது சீக்கிரம் பிடிபடும். பழக்கம் ஒன்றைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். மேனுவலில் பிழை இருந்தால் அடுத்த ரிலீஸில் சரிசெய்துவிடுவீர்கள். வெளியான ஆய்வுக் கட்டுரையில் தவறான ஓர் எண்ணை மாற்றக்கூடத் தனியாகத் திருத்த அறிவிப்பு போட்டாக வேண்டும்.

ஜெயநகர் வாசகி: பிரதியில் வரும் சந்தேகங்களைக் கேட்டு நாங்கள் அனுப்பும் குவெரிக்குக் கட்டுரை ஆசிரியர்கள் பதிலே போடுவதில்லை. ஷெட்யூல் தள்ளிக்கொண்டே போகிறது. என்னதான் செய்வது மேடம்?

முதலில் நீங்கள் அனுப்பிய குவெரியை எடுத்துப் படித்துப் பாருங்கள். ‘இந்தப் பகுதியைத் தெளிவுபடுத்தவும்’ என்றால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? ‘அட்டவணை 2இல் 4.2 மி.மீ., அதை விளக்கும் பத்தியில் 2.4 மி.மீ.; எது சரி?’ என்று கேளுங்கள். மெட்ரோவில் போகும்போதே போனில் பதில் போட்டுவிடுவார்.

குவெரிகளை நாலைந்து மெயிலாகச் சிதறவிடாதீர்கள். ஒரே கடிதமாக அனுப்புங்கள்; எண், சமன்பாடு, அலகு சம்பந்தப்பட்டவை மேலே. கமா, ஹைஃபன் எல்லாம் நீங்களே முடிவுசெய்து, அந்த முடிவுகளின் பட்டியலான ஸ்டைல் ஷீட்டில் குறித்துவையுங்கள். கெடுவுக்குள் பதில் இல்லையா, இணை ஆசிரியர்களைக் கேளுங்கள். அப்போதும் இல்லையென்றால் கட்டுரையை அடுத்த இதழுக்குத் தள்ளுங்கள். 4.2தான் சரி என்று உங்களுக்கு உறுதியாகத் தோன்றினாலும் கைவைக்காதீர்கள். அளந்தவர் அவர். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மல்லேஸ்வரம், ஓய்வுபெற்ற விஞ்ஞானி: என் துறையைப் படிக்காத ஒருவர் என் வாக்கியத்தில் கைவைப்பது நியாயமா அம்மா?

ஐயா, அறிவியலை எடைபோடுவது, கட்டுரையை மதிப்பிடும் துறை வல்லுநர்களான ரெஃப்ரிகளின் வேலை. ஆனால் பிரிவு 2இல் வெப்பநிலையைக் குறித்த ‘டி’, பிரிவு 4இல் அலைவு நேரத்தைக் குறித்தால் படிக்கிற மாணவர் திண்டாடுவார். மாதக்கணக்கில் அதிலேயே மூழ்கியிருப்பவர் கண்ணுக்கு அது படுவதில்லை. கெல்வினோடு டிகிரி சேர்ப்பது 1967லேயே கைவிடப்பட்டது. இன்றும் பிரதிகளில் வருகிறது. எங்கள் திருத்தம் பொருளைக் கெடுத்தால் வெளியாகும் முன் உங்கள் பார்வைக்கு வரும் புரூஃபில் தயங்காமல் அடித்துவிடுங்கள்.

கே.ஆர். புரம் வாசகர்: சமன்பாடுகள் நிறைந்த பிரதிகளுக்குப் பயன்படும் லேடெக்ஸ் மென்பொருளில் தயாரித்த பிரதியை வேர்டுக்கு மாற்றி எடிட் செய்யலாமா?

வேண்டாம், சமன்பாடுகள் சிதையும். லேடெக்ஸ் கோப்பிலேயே திருத்துங்கள். லேடெக்ஸ்டிஃப் கருவி, மாறிய இடங்களை ஆசிரியருக்குக் காட்டிவிடும்.

அல்சூர் மாணவி: எம்.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது அக்கா?

நம் ஊரிலேயே 1932 முதல் ‘கரண்ட் சயின்ஸ்’ என்ற அறிவியல் இதழ் வருகிறது. சி.வி. ராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி, மாணவர்களுக்காக 1996 முதல் ‘ரெசனன்ஸ்’ நடத்துகிறது. அதன் பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஒரு கட்டுரையை எடுத்து, அதன் குறியீடுகள், அலகுகள், சுருக்கங்கள், மேற்கோள் முறை எல்லாவற்றையும் தாளில் எழுதிப் பாரும்மா. ஸ்டைல் ஷீட் என்பது அதுதான். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதையும் இணைத்து அனுப்பு. என்னிடம் வந்தால் சான்றிதழுக்கு முன் அதைத்தான் பார்ப்பேன்.