ஒரே தடுப்பூசி, ஆளுக்கு ஆள் வேறு ஆன்டிபாடி: மரபணுதான் காரணமா?

கேள்வி: நானும் அக்காவும் மருத்துவப் பணியில் சேர இருப்பதால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை மூன்று தவணையும் போட்டுக்கொண்டோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்ததில் அவருக்கு ஆன்டிபாடி 600, எனக்கு 40. என் மரபணுவில் குறையா? மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: முதலில் கவலையை விடுங்கள். கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எடுக்கும் சோதனையில், மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் இருந்தாலே பாதுகாப்பு கிடைத்துவிட்டதாகக் கொள்கிறோம். உங்களுடையது 40. அக்காவுக்கு உங்களைவிடப் பதினைந்து மடங்கு பாதுகாப்பு என்று இதற்குப் பொருள் இல்லை.

வயது, உடல் பருமன், புகைப்பழக்கம் எல்லாம் இந்த எண்ணை மாற்றும். மரபணுவும் மாற்றும். இந்தத் தடுப்பூசியைப் பொறுத்தவரை அதிகம் ஆராயப்பட்டவை, கிருமியின் துணுக்குகளை டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டும் எச்எல்ஏ மரபணுக்கள். உடன்பிறந்த இருவருக்கு அவை முழுமையாக ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்புதான் உண்டு.

ஆன்டிபாடியையே உருவாக்கும் மரபணுக்கள் வேறு. ஆன்டிபாடி என்பது கனமான, இலகுவான புரதச் சங்கிலிகள் சேர்ந்தது. அதில் கனமான சங்கிலிக்குரியவை 14-ஆவது குரோமோசோமில் வி, டி, ஜே என்ற துண்டுகளாகக் கிடக்கின்றன. ஆன்டிபாடியைத் தயாரிக்கும் ஒவ்வொரு பி செல்லும் அவற்றில் சிலவற்றைப் பொறுக்கி ஒட்டித் தனக்கென ஓர் ஆன்டிபாடியை அமைத்துக்கொள்கிறது. இந்தத் துண்டுகளின் இருப்பே ஆளுக்கு ஆள் மாறும். சிலரிடம் ஒரு துண்டு அறவே இராது, சிலரிடம் அதுவே இரட்டிப்பாக இருக்கும், வேறு சிலரிடம் ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கும். வழக்கமான தடுப்பூசிகள் கிருமியின் பல பகுதிகளை ஒருசேரக் காட்டுவதால், ஒரு துண்டு இல்லாவிட்டாலும் இன்னொன்று கைகொடுத்துவிடும்.

குறிப்பிட்ட ஒரு துண்டையே நம்பி வடிவமைக்கும் தடுப்பூசிகளில்தான் சிக்கல். எச்ஐவிக்கு எதிரான விஆர்சி01 வகை ஆன்டிபாடிகளுக்கு வி துண்டுகளில் ஒன்றான ஐஜிஎச்வி1-2 என்ற மரபணுவின் சில வடிவங்கள் கட்டாயம் தேவை. அவற்றைத் தட்டியெழுப்பச் செய்த தடுப்பூசியின் முதல்கட்டச் சோதனை முடிவு 2022-இல் வெளியானது. போட்டுக்கொண்ட 36 பேரில் 35 பேருக்கு எதிர்பார்த்த பி செல்கள் உருவாகின. உருவாகாத அந்த ஒருவரிடம் தேவையான வடிவமே இல்லை! இதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. யாருக்குப் பலிக்காது என்பதை மரபணுவைப் படித்தே சொல்ல முடியும் என்பதற்கு இவ்வளவு தெளிவான சான்று அபூர்வம்.

என்னை உறுத்துவது வேறொன்று. இந்த வடிவங்கள் எந்த மக்களிடம் எவ்வளவு பரவலாக உள்ளன என்ற பட்டியல் இன்னும் அரைகுறைதான். இருப்பதில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம் பல இனத்தவரிடம் மாதிரி எடுத்தது. ஆனால் அதன் டிஎன்ஏ பெரும்பாலும் ஆய்வகத்தில் வளர்த்த பி செல்களிலிருந்து வந்தது. அவையோ துண்டுகளை வெட்டி ஒட்டும்போதே இந்த மரபணுப் பகுதியில் சில துண்டுகளை இழந்துவிட்டவை. ஆகவே, நமக்கு வேண்டிய இடத்திலேயே அந்தத் தரவு நம்பத்தக்கதாக இல்லை. ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் பட்டியல் நிரம்பாமல் இத்தகைய தடுப்பூசிகளை உலகம் முழுவதற்கும் என்று வடிவமைப்பது நியாயமாகாது.

உங்களுக்கு மரபணுப் பரிசோதனை தேவையில்லை. அதன் முடிவை வைத்து மருத்துவர் மாற்றிச் செய்யக்கூடியது எதுவும் இன்று இல்லை. அளவு 10-க்குக் கீழே இருந்திருந்தால் மறுபடி தவணைகளைப் போட்டுச் சோதித்திருப்போம். பலருக்கு அதிலேயே போதிய அளவு வந்துவிடும். 40 என்று காட்டும் அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல எண் இறங்கும். பின்னாளில் ஊசி குத்திக் காயம்பட்டால், ஒருமுறை 10-ஐத் தாண்டியவர் என்பதற்கு மருத்துவர் கேட்கும் சான்று அதுதான்.