பம்ப் ஓடினால் அளவு உறைந்துபோகிறதே?

கேள்வி: எங்கள் மாம்பழக்கூழ் ஆலையில் 8 டெம்பரேச்சர் கன்ட்ரோலர்கள் ஆர்எஸ்-485 மாட்பஸ் லைன் (பல கருவிகள் ஒரே கம்பி ஜோடியில் தகவல் அனுப்பும் முறை) வழியாக பிஎல்சியோடு (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) இணைந்துள்ளன. கூழ் பம்பின் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) ஓடத் தொடங்கியதும் கடைசி 3 கன்ட்ரோலர்களின் வெப்ப அளவு பிஎல்சி திரையில் அப்படியே நின்றுவிடுகிறது. கன்ட்ரோலர் முகப்பில் சரியாகத்தான் காட்டுகிறது. மூன்றையும் மாற்ற வேண்டுமா?
– வாசகர், பர்கூர்

பதில்: மாற்ற வேண்டாம். முகப்பில் அளவு சரியென்றால் சென்சாரில் குறையில்லை. மூன்றின் கம்யூனிகேஷன் பகுதியும் ஒன்றாகப் பழுதாவது அரிது. கம்பியைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லா சப்ளையையும் நிறுத்திவிட்டு, லைனின் இரு சிக்னல் கம்பிகள் சேரும் ஏ-பி முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். லைனின் இரு கோடியிலும், சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் ஏறக்குறைய 60 காட்டும். 120 காட்டினால் ஒரு கோடியில் ரெசிஸ்டர் இல்லை. 40 என்றால் நடுவில் ஏதோ ஒரு கன்ட்ரோலரின் டெர்மினேஷன் ஸ்விட்ச் (இதே ரெசிஸ்டரை உள்ளுக்குள் இணைப்பது) ஆனில் இருக்கிறது, அதை அணையுங்கள். டெர்மினல் ஸ்க்ரூக்களையும் பாருங்கள். சீசன் முடிந்து மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த பேனலில், நீராவியும் கழுவும் நீரும் பட்ட செம்புக் கம்பி பச்சை பிடித்திருக்கும். நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி முடுக்குங்கள்.

பம்ப் ஓடும்போது மட்டும் வரும் கோளாறு என்பதால் விஎஃப்டியின் மின் இரைச்சல் மீதே எனக்குச் சந்தேகம் அதிகம். மோட்டார் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே ட்ரேயில் போகின்றனவா? குறைந்தது 30 செ.மீ. பிரியுங்கள், குறுக்கிட்டே ஆக வேண்டுமானால் செங்குத்தாகக் கடக்கட்டும். சிக்னல் கேபிளின் ஷீல்டு (கம்பிகளைச் சுற்றிய உலோக உறை) இடையில் அறுபடாமல் தொடர்ந்து, பேனல் பக்கம் மட்டும் எர்த் ஆக வேண்டும். மோட்டார் கேபிளின் ஷீல்டுக்கோ இரு முனையிலும் எர்த் தேவை. இவ்விரண்டையும் பலர் மாற்றிச் செய்துவிடுகிறார்கள். கன்ட்ரோலர்களில் காமன் (சிக்னலுக்கான பொது) முனை இருந்தால் அதற்கு மூன்றாவது கம்பி இழுங்கள். ஏ, பி இரண்டோடு விடாதீர்கள்.

டைம்அவுட்டை (பிஎல்சி பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) கூட்டி எர்ரரை மறைக்கவே கூடாது. உறைந்து நிற்கும் பழைய அளவை நம்பினால், சூடு போதாத கூழ் டின்னுக்குள் போய்விடும். கம்யூனிகேஷன் அறுந்தால் உடனே அலாரம் அடிக்கும்படி பிஎல்சியில் இன்றே அமையுங்கள்.

கேள்வி: அதே மாடலில் புது கன்ட்ரோலர் மாட்டினோம். அதுவும் பேசவில்லை, 1-ஆம் எண் கன்ட்ரோலரும் பேச்சை நிறுத்திவிட்டது.
– வாசகர், பாலக்கோடு

பதில்: புதியது பெரும்பாலும் 1 என்ற முகவரியோடு வரும். ஒரே எண்ணில் இரண்டும் சேர்ந்து பதில் சொல்வதால் இரண்டுமே கெடுகின்றன. புதியதைக் கழற்றிவிட்டால் 1 பேசும். கழற்றிய பழைய கன்ட்ரோலரின் முகவரி, பாட் ரேட் (தகவல் வேகம்), பாரிட்டி (பிழை சோதிக்கும் பிட்), ஸ்டாப் பிட் (முடிவைக் காட்டும் பிட்) ஆகிய நான்கையும் புதியதில் பதித்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.